தொட்டுப் பாத்தியா?

உன் சாமான் பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது கிரீஸ் வாடை. படகு எஞ்சினுக்கு நாம் போடும் அந்த நீல நிற கிரீஸ். கூடவே பழைய ரப்பரும் காய்ந்த உப்பும். போன ஞாயிற்றுக்கிழமை உன் மனைவி மாசாயிலிருந்து வந்து என் வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போனாள். "எங்க வீட்ல கெடந்தா துருப்பிடிச்சிரும்ணே, நீங்களே வெச்சுக்குங்க" என்றாள். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன். உன்னிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்வதில் எனக்கு எப்போது கூச்சம் இருந்தது?

மூடியின் உள்பக்கத்தில் நீ ஒரு தாள் ஒட்டியிருக்கிறாய். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். நீ இருந்தபோது சொல்ல எத்தனையோ நாள் கிடைத்தும் சொல்லாதது.

பத்தொன்பது அடி ஃபைபர் படகு, நம் இருவருக்கும் பொது. நீ ஏர்கான் ரிப்பேர்காரன். நான் பாசிர் கூடாங் துறைமுகத்தில் லாரிகளை அனுப்பிக்கொண்டிருந்த கிளார்க். நீ பிறந்தது லாபிஸ் தோட்டத்தில், நான் சிம்பாங் ரெங்கத்தில். கடலை நாம் பார்த்ததே பள்ளிக்கூடச் சுற்றுலாவில்தான். ஆனாலும் எந்த மெக்கானிக்கையும் நீ படகின் பக்கம் அண்டவிட்டதில்லை. "நம்ம படகு மேல வேற எவன்டா அக்கறை காட்டுவான்? நாமளே பாத்துக்கலாம்" என்பாய். உன் கார் நிறுத்தும் இடத்தில் எத்தனை சனிக்கிழமைகள்! படகின் அடியில் நீ மல்லாந்து படுத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவர் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாய். சத்தம் மாறிய இடத்தில் பென்சிலால் வட்டம். அங்கே தேய்ப்பது என் வேலை. ஒருமுறை அங்கே பூசும் ரெசின் பசையில் கெட்டிப்படுத்தும் மருந்தை நான் கூடுதலாக ஊற்றிவிட்டேன். வெயில் வேறு. குவளையிலேயே கல்லாகிப் புகைய ஆரம்பித்தது, தூரிகையும் அதற்குள்ளேயே நட்டுக்கொண்டது. நீ திட்டவில்லை. "பரவால்லடா அந்தோணி, உனக்கு ஒரு கோப்பை கெடச்சிருச்சு" என்று அதை என் கையில் கொடுத்தாய்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் நீ விளையாட மாட்டாய். பின்பலகையின் அடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. படகு கரையில் இருக்கும்போது உள்ளே தேங்கும் தண்ணீர் அதன் வழியாக வடியும். கடலில் இறக்குவதற்கு முன் பித்தளைத் திருகு ஒன்றால் அதை மூட வேண்டும். பிளக் என்போம். அதற்கு நீ சட்டமே வைத்திருந்தாய். கழற்றியவன் அதை ஸ்டீயரிங்கில் கயிற்றோடு தொங்கவிட வேண்டும். பாக்கெட்டில் போடவே கூடாது. ஒருவன் போட்டுவிட்டேன் என்று சொன்னால் போதாது. மற்றவன் பின்னால் போய்க் கைவிட்டுத் தடவிப் பார்த்து "இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "என்னடா இது, பூசையில ஃபாதர் சொன்னதுக்கு ஆமென் சொல்ற மாதிரி" என்று கிண்டல் செய்வேன். "ஆமென் சொல்லு, இல்லாட்டி நீந்தி வீட்டுக்கு வா" என்பாய்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலையே படகை இழுத்துப் போய் கோங் கோங் படகுத்துறையில் நிறுத்தியிருந்தோம். நீதான் கடைசிவரை நின்று பிளக்குக்குப் புது ரப்பர் வளையம் மாட்டி முறுக்கினாய். விடியும்வரை மழை. சனிக்கிழமை காலை நான் முதலில் வந்துவிட்டேன். படகுக்குள் கணுக்கால் அளவு மழைத்தண்ணீர். நல்ல பிள்ளையாக பிளக்கைக் கழற்றி வடியவிட்டேன். ஸ்டீயரிங்கில் தொங்கவிட வேண்டுமென்றால் படகின் மேல் ஏற வேண்டும். சோம்பல். கால்சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் வாங்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது நீ காரைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டிருந்தாய். படகு ஏற்றிய வண்டியின் சக்கரங்கள் சரிவில் இறங்கிவிட்டன. ஜன்னலில் தலையை நீட்டி, "நேத்தே நல்லா முறுக்கிட்டேன். தொட்டுப் பாத்தியா?" என்று கேட்டாய். என் ஒரு கையில் இரண்டு பொட்டலம், இன்னொரு கையில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கவிட்ட தே தாரிக் டீ. கழற்றியதே நினைவில் இல்லை. "இருக்கு, இருக்கு, போலாம் லா" என்றேன்.

வேகமாகப் போய்க்கொண்டிருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. ஓடும் படகில் தண்ணீர் தங்காது, உனக்குத் தெரியும். ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டி நங்கூரம் போட்ட பிறகுதான், "என்னடா பின்பக்கம் கனமா இருக்கு?" என்றாய். பலகையைத் தூக்கினால் உள்ளே கடல். பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அந்தத் துளைக்கு அது எம்மாத்திரம்? நீ யோசிக்கவே இல்லை. சட்டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு குதித்துவிட்டாய். எஞ்சினுக்குக் கீழே தலை மட்டும் தெரிய, துணியைத் துளையில் திணித்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாய். ஒவ்வோர் அலைக்கும் துளையின் பித்தளை விளிம்பு உன் கையை அறுத்தது. "நீ வாளியால மொண்டு ஊத்து" என்று கத்தினாய்.

மொண்டு ஊற்றக் குனிந்தபோது தொடையில் ஏதோ குத்தியது.

அந்த நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது. எடுத்து நீட்டியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முறுக்கி மூடியிருப்பாய். ஒரு வாரம் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய், அவ்வளவுதான். நான் நீட்டவில்லை. ஏன் என்று ஆயிரம் தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். வெட்கம். வெறும் வெட்கம். ஐம்பத்து மூன்று வயது ஆம்பிளை, 'இருக்கு' என்று பொய் சொன்னவன் நான்தான் என்று ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, உன்னை முக்கால் மணி நேரம் ரத்தக் கையோடு கடலில் மிதக்கவிட்டேன். தூ!

மீன்பிடித்துத் திரும்பிக்கொண்டிருந்த பாக் மான்தான் நம்மைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தார். அதற்குள் எஞ்சின் முழுகிவிட்டது. "அலமாக்! பிளக் லூபா கா?" என்றார். துறையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "மறக்கலடா. கை வலிக்க முறுக்கினேன். நீகூட தொட்டுப் பாத்தியே?" என்று என் முகத்தையே பார்த்தாய்.

"நான் தொட்டப்ப இருந்துச்சு. லூசா இருந்திருக்கும், ஓட்டத்துல விழுந்திருக்கும். வயசாகுதுல்ல" என்றேன். பிளக் என் பாக்கெட்டில் இருந்தது.

அன்றிலிருந்து துறையில் உனக்கு 'அபாங் பிளக்', அதாவது பிளக் அண்ணன், என்று பெயர். அவர்கள் விளையாட்டாகத்தான் கூப்பிட்டார்கள். நீ வேறு விதமாக எடுத்துக்கொண்டாய். இரண்டு வாரம் ஒரே மூச்சாக உட்கார்ந்து, எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெயை மாற்றி மாற்றி ஊற்றி, அதற்கு உயிர் கொடுத்தாய். அதற்கப்புறம் படகைத் தொடவில்லை. "முறுக்கினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குடா. அப்போ அந்த ஞாபகமே பொய்யா?" என்று கேட்டாய். உன் அப்பா கடைசி காலத்தில் உன்னையே யார் என்று கேட்டவர். உனக்கும் அது ஆரம்பித்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாய். கேஸ் அடுப்பை மூன்று தடவை பார்த்தாய். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாய். வேலைக்குப் போன வீட்டில் ஏர்கானை மாட்டிவிட்டு, பாதி வழியில் திரும்பிப் போய் மறுபடி திருகிப் பார்த்தாய். ஜொகூர் பாருவில் ஞாபக சக்தி பரிசோதனைக்கு உன்னைக் காரில் கூட்டிப் போனது யார்? நான்தான்! வெளியே வந்து, "கடிகாரம் வரையச் சொன்னாங்கடா. சரியாத்தான் வரைஞ்சேன். ஒண்ணும் இல்லன்னு சொல்றாங்க. ஆனா பிளக்க விட்டேனே?" என்றாய். வீடு வரும்வரை நான் ரேடியோவைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அதற்கு ஏழு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நெஞ்சு வலி வந்து போய்விட்டாய். உன் சவப்பெட்டியைத் தோளில் தாங்கியவர்களில் நானும் ஒருவன்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். படகை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை என்று வரிசையாக உன் கோணல் எழுத்து. பெட்ரோல் குழாய், பேட்டரி, கயிறு, உயிர்காப்புச் சட்டை. கடைசி வரி மட்டும் சிவப்பு மையில்: 'பிளக். என் ஞாபகத்தை நம்பக் கூடாது. அந்தோணி தொட்டுப் பார்த்து இருக்குன்னு சொன்னால்தான் இறக்கணும்.'

மறுநாளே உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி முன்னால் பிளக்கை மேசைமேல் வைத்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். அழுதேன் என்றுகூட வைத்துக்கொள். அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது எல்லா ஹார்டுவேர் கடையிலயும் கெடைக்குமேண்ணே. அவருக்காக நீங்க பழிய ஏத்துக்க வேணாம். அவரே சொல்லிட்டுத்தான் போனாரு."

"என்ன சொன்னான்?"

"'அந்தோணி ரொம்ப நல்லவன். என் மறதிய மறைக்க ஒரு நாள் வந்து தன் மேல போட்டுக்குவான், நம்பாத'ன்னு. டீ குடிங்கண்ணே, ஆறுது."

நாசமாய்ப் போக உன் நல்ல மனசு! எனக்கு ஒரு வழியாவது விட்டு வைத்தாயா? துறையில் போய்ச் சொன்னால் பாக் மானும் என் முதுகில் தட்டிக்கொடுப்பார். ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தால் மன்னிப்பு கிடைக்கும், ஆனால் அவரா முக்கால் மணி நேரம் தண்ணீரில் கிடந்தார்? நம்பக்கூடியவன் ஒருவன்தான் இருந்தான். அவனிடம் நான் வாயைத் திறக்கவில்லை.

படகு இப்போது என் வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. வாராவாரம் எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் விட்டு ஓட்டுகிறேன், நீ பார்த்துவைத்தது இன்னும் ஒரே இழுப்பில் கிளம்புகிறது. இறக்கத்தான் முடியவில்லை. பின்னால் போய்க் கைவிட்டுத் தடவுகிறேன், அந்த ஒரு சொல் வாயில் வர மாட்டேன் என்கிறது. பழைய பிளக் இன்னமும் என் பாக்கெட்டில்தான். கால்சட்டையைத் துவைக்கப் போடும்போது எடுக்கிறேன், மாற்றியதும் போட்டுக்கொள்கிறேன்.

கேட்டுக்கொள். உனக்கு மறதி இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை நீ அதைக் கை வலிக்கத்தான் முறுக்கியிருந்தாய். காலையில் என் கையால் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. கழற்றுவதற்கு ஸ்பேனர் எடுக்க வேண்டியிருந்தது.