முப்பத்தொன்பதாவது தாள்

குருபரப்பள்ளி
20.2.2025

அன்புள்ள ஹரீஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை அருணா, போன மாதம் கன்று போட்ட சிவப்பி எல்லோரும் நல்ல சுகம். அங்கே ஹாலிஃபாக்ஸ் பனியில் நீ எப்படி இருக்கிறாய், அந்த இருமல் உன்னை விட்டுப் போய்த் தொலைந்ததா என்று ஒளிக்காமல் எழுது.

உன் பேராசிரியர் இந்த முறை என் கம்பெனிப் பெண்கள் நிரப்பிய கேள்வித் தாள்களை ஏற்றுக்கொண்டு ஆராய்ச்சியை எழுதத் தொடங்கச் சொல்லிவிட்டார் என்று ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. மூன்று மாதமாக என்னால் உனக்கு ஒரு வருடம் போய்விடுமோ என்ற பயம், அதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அன்று நீ, உங்கள் லைனில் வேலை செய்வது முப்பத்தெட்டுப் பேர்தானே, தாள் முப்பத்தொன்பது வந்திருக்கிறதே என்று கேட்டாய். அப்பா பக்கத்திலேயே கட்டிலில் உட்கார்ந்திருந்தார், அதனால் எண்ணும்போது தவறியிருக்கும் என்று மழுப்பிவிட்டேன். தங்கதுரை அண்ணன் மகள் அந்தப் பக்கம் வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்பும் கடலை உருண்டை டப்பாவுக்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். போனில் சொல்ல முடியாததை எல்லாம் இதில் சொல்லிவிடுகிறேன்.

நீ முதல் தடவை கேள்வித் தாளோடு எழுதியதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெயர் வேண்டாம், நீங்கள் கையால் வாங்க வேண்டாம், சாதாரண வேலை நாளில் கொடுங்கள் என்று எழுதியிருந்தாய். பிள்ளையின் படிப்பு விஷயமாயிற்றே, நல்ல நாளில் தொடங்குவோம் என்று நான்தான் ஆயுத பூஜை அன்று கொடுத்தேன். மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து, பெண்கள் பட்டுப்புடவையில் வந்து, மேனேஜர் கையால் ஸ்வீட் பாக்ஸும் ஹாட்பாக்ஸும் வாங்கிய கையோடு பேனாவைப் பிடித்தார்கள். நானும் லைன் லீடர் என்ற உரிமையில் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று வாங்கினேன். எல்லாக் கேள்விக்கும் எல்லோரும் அஞ்சுக்கு அஞ்சு. எவ்வளவு ஒற்றுமை என்று எனக்குப் பெருமை வேறு. இதையெல்லாம் நீயே உட்கார்ந்து நிரப்பினாயா என்று உன் பேராசிரியர் கேட்டார் என்றபோது உன் குரல் கம்மியது பார், அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. தப்பு செய்தது அம்மா, சந்தேகம் விழுந்தது உன் மேல்.

அதனால் பொங்கல் கழிந்து ஒரு வாரம் விட்டு, ஒரு வெறும் புதன்கிழமையில் இரண்டாம் தடவை கொடுத்தேன். பழைய பிஸ்கட் டப்பாவில் ஓட்டை போட்டு, நிரப்பி அதில் போடும்படி தாள்களோடு ஷிஃப்ட் பஸ் டிரைவர் எல்லப்பனிடம் கொடுத்துவிட்டு, நான் அந்த பஸ்ஸில் ஏறவே இல்லை. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். சூளகிரிப் பக்கத்துப் பெண்கள் சிலருக்கு எல்லப்பனே பஸ் எடுக்கும் முன் கேள்வியைத் தெலுங்கில் படித்துச் சொன்னாராம், பதிலை மட்டும் எட்டிப் பார்க்கலேம்மா என்று சாமி மேல் ஆணையிட்டார். வீட்டில் டப்பாவைத் திறந்து பார்த்தேன். பதினான்காவது கேள்வி, செய்த தவறை மேலே இருப்பவரிடம் பயமில்லாமல் சொல்ல முடியுமா. முப்பது பேர் அஞ்சுக்கு ஒன்று, முடியவே முடியாது என்று போட்டிருந்தார்கள். மேலே இருப்பவர் யார், நான்தானே கண்ணு. வீட்டு விசேஷத்துக்கெல்லாம் கூப்பிட்டு, உடம்பு சரியில்லை என்றால் ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்த பிள்ளைகள். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. யார் எழுதியது என்று பேனா மையை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். ஊதா மை சத்யப்ரியாவுடையது என்று தெரிந்தும் விட்டது. நான்கு நாள் அந்தத் தாள்களைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, உனக்கு ஸ்கேன் மெஷின் ரிப்பேர் என்று பொய் சொன்னேன்.

ஐந்தாம் நாள் காலைக் கூட்டத்தில் வழக்கம்போல, தப்பாகக் கட்டியதால் முதல் நாள் திரும்பி வந்த வயர் கட்டைக் கையில் தூக்கிப் பிடித்தேன். யார் கட்டியது என்று பெயரைச் சொல்லி எல்லோர் முன்னாலும் நிற்க வைப்பது என் வழக்கம், அதற்காக எனக்கு ஷீல்டுகூடக் கொடுத்திருக்கிறார்கள். அன்று அந்தக் கட்டைப் பிடித்துக்கொண்டு முப்பத்தெட்டு முகத்தையும் பார்த்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெயரைச் சொல்லாமல் கட்டைக் கீழே வைத்துவிட்டேன். அன்று சாயங்காலமே ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் எடுத்து உனக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் பெயர் வாசிக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை அந்த சத்யப்ரியாவே என்னிடம் வந்து, யக்கா, மஞ்ச வயர மாத்திச் சொருவிட்டேன், பதினோரு பீஸ் போயிருச்சு என்றாள். விருதுநகர்ப் பெண், எந்தெந்தப் பீஸ் என்றும் அவளே எடுத்துக் காட்டினாள். லாரியில் ஏற்றும் முன்பே எடுத்துவிட்டோம். இத்தனை வருட வேலையில் தன் தப்பைத் தானே வந்து என்னிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

இனி அந்த முப்பத்தொன்பதாவது தாள். அது என்னுடையது. அந்த நான்கு நாளில் ஒரு நாள் மீந்திருந்த தாளை எடுத்து நானும் நிரப்பினேன், எனக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள் அல்லவா. பதினான்காவது கேள்விக்கு நானும் முடியாது என்றுதான் போட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், நீ அப்போது கைக்குழந்தை, நான் கெடுத்த ஒரு வயர் கட்டை டிபன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, தோப்பு மூலையில் ஒரு மாங்கன்றுக்குப் பக்கத்தில் புதைத்தேன். பெயர் வாசித்துவிடுவார்களோ என்ற பயம்தான், அப்போதும் வாசிப்பார்கள். அதையே நான் லீடரானதும் பிடித்துக்கொண்டேன் பார். கடைசியில் வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டிருந்தாயே, அங்கே இதை எழுதினேன். எழுதி முடித்ததும் இருபத்து மூன்று வருடப் பாரம் இறங்கியது போல இருந்தது. கணக்கில் சேரக்கூடாது என்றால் அந்தத் தாளை எடுத்துவிடு, ஆனால் கிழித்துப் போடாதே.

உன் படிப்பைக் கேலி செய்த அப்பா, மனுசங்க எப்படி நடந்துக்கறாங்கன்னு பார்க்க அவ்ளோ தூரம் போவணுமா, டீக்கடையில ஒக்காந்தா போதாதா என்றவர், இப்போது ஊரெல்லாம் உன் பெருமை பேசுகிறார். மாமரம் பூத்திருக்கிறது. காதை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு, மற்றவர்கள் பயந்து எழுதிக் கொடுத்ததைப் பத்திரமாக வைத்துக்கொள். நம் குலதெய்வம் உனக்குத் துணை நிற்கட்டும், நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடியட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
பார்வதி

மறந்துவிடாதே: மாங்கன்று விஷயம் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். தோப்பிலேயே அந்த மூலை மரம்தான் இனிப்பு, தான் போட்ட உரத்தின் மகிமை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், பழம் பறிக்கும்போது.