பெரியம்மாளுக்கு வில் வேண்டாம், கவணே போதும்

அனுப்புநர்
மா. தமிழ்ப்ரியா, பி.எஸ்சி.,
த/பெ. மாதன்,
கரியாலூர், கல்வராயன் மலை,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: ‘எண்திசை மோதல்’ என்னும் வீடியோ சண்டை விளையாட்டு – நம் மாவட்டத்தின் சார்பில் சேரும் வீரர் – போட்டியில் வென்ற என் தாயார் பெரியம்மாளின் பெயர், வயது, ஆயுதம், குரல் ஆகியவற்றை விழாக்குழு மாற்றி எழுதியது – திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். குறைதீர் நாளில் தங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை எங்கோ தோற்றுப்போனவர்கள் எழுதியவையாக இருக்கும். நான் ஜெயித்தவள். ஜெயித்ததை ஜெயித்தபடியே எழுதித் தர வேண்டும் என்று கேட்கத்தான் மலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறேன். விவரம் பின்வருமாறு.

1. நான் கள்ளக்குறிச்சியில் ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். கல்லூரி நாட்களிலிருந்து மேற்படி விளையாட்டை ஆடி வருகிறேன். தாங்கள் ஆடியிருக்க வாய்ப்பில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வெவ்வேறு விளையாட்டுகளைச் சேர்ந்த வீரர்கள் தங்கள் கதையை விட்டுவிட்டு இதில் ஒரே களத்தில் வந்து மோதுவார்கள். விண்வெளிக்காரனும் குஸ்திக்காரனும் பேயோட்டியும் எதிரெதிரே நிற்பார்கள். ஆண்டுக்கொரு முறை வெளியிலிருந்து சிலரைப் புதிதாகச் சேர்ப்பார்கள். அவர்களை விருந்தாளி வீரர் என்போம். விருந்தாளி என்றாலும் காப்பி கொடுத்து உட்கார வைக்கிற வழக்கம் இல்லை; வந்த உடனே அடிதான்.

2. இந்த ஆண்டு நான்கு மாவட்டங்களிலிருந்து நான்கு விருந்தாளிகளைச் சேர்ப்பதாக விளையாட்டைத் தயாரிக்கும் சென்னை ‘கூர்முனை’ நிறுவனம் அறிவித்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: அந்த மண்ணில் இன்று உழைத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் வேலையிலிருந்து அந்த வீரர் பிறக்க வேண்டும். தேர்வானவரின் விவரத்தாளில் மாவட்ட ஆட்சியர் மேலொப்பம் இட வேண்டும். நம் மாவட்டத்தில் தேர்வை நடத்தும் பொறுப்பை ‘மலைச்சாரல் மின்னாட்ட விழாக்குழு’ என்ற தனியார் அமைப்பு ஏற்றுக்கொண்டது. அதன் செயலாளர் திரு. நாராயணசாமி அவர்கள்.

3. கடந்த 05.10.2025 அன்று நடந்த கூட்டத்தில் யார் யார் சேரலாம் என்று பேசப்பட்டது. மூங்கில்துறைப்பட்டில் ஆலைக்கு வரும் டிராக்டர்களில் கரும்பு ஏற்றும் பாண்டியன் அண்ணனை முன்மொழிந்தார்கள். தலையில் கரும்புக்கட்டுடன் ஒற்றைப் பலகையில் ஏறுகிறவர் அவர். களத்தில் இறங்கினால் மெதுவாகத்தான் நகர்வார், ஆனால் அவரைக் கீழே தள்ள ஒருவராலும் முடியாது. நான் கைதட்டினேன். மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவில் கையாலேயே ராட்டினம் சுற்றும் தங்கதுரை அண்ணன் பெயரும் வந்தது. எதிரியைப் பிடித்து நாலு சுற்று சுற்றி விட்டார் என்றால் அவன் திசை தெரியாமல் தன் பக்கச் சுவரிலேயே முட்டிக்கொள்வான். அதற்கும் கைதட்டினேன். செயலாளர் அவர்கள் முன்மொழிந்தது ஒரு ராஜாவை. கிரீடம், மீசை, ஆறடி வாள். எந்த ஊர் ராஜா, இன்று என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன். “ராஜாவுக்கு இன்னாம்மா வேல? ராஜாவா இருக்கிறதுதான் வேல,” என்றார். அதற்கு மட்டும் நான் கைதட்டவில்லை.

4. நான் முன்மொழிந்தது என் தாயார் திருமதி பெரியம்மாள், வயது 46. எங்களுக்குச் சரிவில் சாமைக் கொல்லை இருக்கிறது. கதிர் பிடித்ததிலிருந்து அறுப்பு முடியும் வரை பரண்மேல் நின்று காட்டுப்பன்றியையும் கிளியையும் விரட்டுகிறவர் அவர்தான். கையில் ஒரு கவண், மடியில் கூழாங்கற்கள், அதற்குமேல் அவருடைய குரல். ஒன்றைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன். என் தாயார் இதுநாள் வரை எந்தப் பன்றிமேலும் கல்லை எறிந்ததில்லை. அது அடுத்த காலை எங்கே வைக்கப் போகிறதோ அந்த இடத்தில் எறிவார். அவர் சொல்வதை அப்படியே தருகிறேன்: “அது மேல பட்டா வெறி புடிச்சி நம்ம மேல வரும். அது முன்னால வுழுந்தா, இந்த வழி ஆவாதுன்னு திரும்பிக்கினு போய்டும்.” இது எங்கள் மலையில் காவலிருக்கும் எல்லோரும் அறிந்த முறை. ஆனால் அந்தக் கணக்கு தப்பாமல் விழுவது அவர் கையில்தான் என்று நாலு கொல்லைக்காரர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

5. இதில் என் தவறு ஒன்றும் உண்டு, மறைக்கவில்லை. விவரத்தாளில் ‘தாக்கும் தூரம்’ என்ற இடத்தில் என் தாயாரைக் கேட்டு ‘ஒரு கூப்பிடு தூரம்’ என்று எழுதிவிட்டேன். மலையில் நாங்கள் தூரத்தை அப்படித்தான் சொல்வோம். மறுபக்கச் சரிவில் நிற்கிறவருக்குக் கேட்டால் ஒரு கூப்பிடு, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் படித்தவள், மீட்டரில் எழுத வேண்டும் என்பது எனக்குத் தோன்றாமல் போனது. குழுவினர் அந்தத் தாளைக் கூட்டத்தில் உரக்கப் படித்துச் சிரித்தார்கள். ‘அளவு தெளிவில்லை’ என்று எழுதி மனுவைத் தள்ளினார்கள்.

6. நான் நேராக நிறுவனத்துக்கே எழுதினேன். அங்கே வீரர்களின் அசைவுகளை வடிவமைக்கும் செல்வி ரம்யா அவர்கள் 25.10.2025 அன்று கரியாலூருக்கு நேரில் வந்தார். கையோடு முப்பது மீட்டர் டேப் கொண்டுவந்திருந்தார். என் தாயார் பரணில் நின்று ஒரு குரல் கொடுத்தார். எதிர்ச்சரிவில் மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த என் தந்தை, “இன்னா… சோறு ஆயிடிச்சா?” என்று பதில் குரல் கொடுத்தார். ரம்யா டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டுச் செல்போனில் வரைபடத்தைத் திறந்து அளந்தார். 412 மீட்டர். விளையாட்டின் களம் மொத்தமே இருபது மீட்டர் அகலம்தான், அம்மா. அதாவது என் தாயாரின் குரல் எட்டாத இடம் என்று அந்தக் களத்தில் ஒரு மூலைகூடக் கிடையாது. ரம்யா சிரித்த சிரிப்பு கூட்டத்தில் சிரித்தார்களே அந்தச் சிரிப்பு அல்ல. சாமைக் கொல்லையில் நின்றபடியே தள்ளுபடியை நீக்கி, போட்டிக்கு அனுமதி எழுதிக் கொடுத்தார்.

7. 30.11.2025 ஞாயிறன்று கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி நடந்தது. முன்மொழியப்பட்ட எட்டு வீரர்களுக்கும் மாதிரி வடிவம் தயாராகியிருந்தது. ஜெயிக்கும் வீரரே மாவட்டத்தின் விருந்தாளி என்று குழுவே மைக்கில் அறிவித்தது. திரையில் என் தாயார் கொல்லையில் உடுத்தும் அதே நீலச் சேலையும், இழுத்துச் செருகிய கொசுவமும், நரைத்த முன்முடியுமாக நின்றார். யாரோ விசிலடித்தார்கள். கேலிக்கு அடித்த விசில்தான். என் தாயாரை ஆடியது நான்தான். ராட்டினம் தங்கதுரையை அரையிறுதியில் வெல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. இறுதிச் சுற்றில் எதிரே ராஜா. அவரை ஆடியது இரண்டு முறை மாவட்ட சாம்பியனான பிரவீன்குமார்.

8. முதல் ரவுண்டில் தோற்றேன். பதற்றத்தில் ஒவ்வொரு கல்லையும் ராஜாவின் மேலேயே எறிந்தேன். அவர் கவசத்தில் வாங்கிக்கொண்டு வேகமாக வந்து வெட்டினார். என் அம்மா சாவதை நானே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. அப்போது மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த என் தாயார் எழுந்து, மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி, “ஏய் ப்ரியா, அவன் மேல ஏன்டி அடிக்கிற? கால எங்க வைக்கப் போறான்னு பாரு, அங்க அடி!” என்றார். நடுவர் ஒலிபெருக்கியில் அமைதி காக்கச் சொன்னார். ஒலிபெருக்கியைவிட என் தாயாரின் குரல்தான் தெளிவாகக் கேட்டது என்பதற்கு மண்டபத்திலிருந்த அத்தனை பேரும் சாட்சி.

9. இரண்டாவது ரவுண்டில் ராஜா முன்னே ஓர் அடி வைக்க வந்தார். அங்கே கல் விழுந்தது. இடப்பக்கம் வந்தார், அங்கே கல். குதித்தார்; இறங்குமிடத்தில் கல். பெரியம்மாளை ஒரு கூப்பாடு போடவைத்தேன், வாளை ஓங்கியவர் ஓங்கியபடியே நின்றார். ஆறடி வாளை ஒரு தரம்கூட வீச விடாமல், காட்டுப்பன்றியை ஓட்டுகிற மாதிரி, மூலை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது ரவுண்டு நாற்பது விநாடியில் முடிந்தது. விசிலடித்தவர்களே நாற்காலிமேல் ஏறி, “பெரியம்மா! பெரியம்மா!” என்று கத்தினார்கள். பாண்டியன் அண்ணன் கரும்புக்கட்டைத் தூக்குவது போல என்னைத் தூக்கிவிட்டார். பிரவீன்குமார் வந்து கைகொடுத்து, “யக்கா, நான் ஆடவே இல்ல, பின்னாலயே போய்க்கினு இருந்தேன்,” என்றார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் அனுபவித்ததில்லை. என் தாயார் மட்டும், சாமை அறுப்புக்கு ஆள் சொல்ல வேண்டும், கிளம்பலாமா என்று கேட்டார்.

10. இனி என் குறை. தங்கள் மேலொப்பத்துக்காகக் குழு தயாரித்துள்ள விவரத்தாளின் நகல் 11.12.2025 அன்று எனக்குக் கிடைத்தது. அதில் வீரரின் பெயர் ‘இளவரசி மலைக்கொடி’. வயது 19. நீலச் சேலை போய்ப் பட்டும் ஒட்டியாணமும் வந்திருக்கின்றன. கவணுக்குப் பதில் தங்க வில். குரல் நீக்கப்பட்டு வீணை இசை சேர்க்கப்பட்டுள்ளது. ‘தாக்கும் முறை’ என்ற இடத்தில் ‘எதிரியின் உடல்மீது நேரடியாக’ என்று எழுதியிருக்கிறார்கள். உருவாக்கியவர்: விழாக்குழு. கரியாலூர் என்ற சொல் தாளில் எங்கும் இல்லை.

11. செயலாளர் அவர்களை நேரில் கேட்டேன். “ஜாஸ்தி ஒண்ணும் மாத்தலம்மா, கம்மியாத்தான் மாத்திக்கிறோம். ஜனங்க வெளாடணும்னா பாக்க லட்சணமா இருக்கணும்ல,” என்றார். போட்டியில் தோற்ற தம் ராஜாவின் நகைகளையே என் தாயாருக்குப் போட்டு அனுப்பப் பார்க்கிறார் என்பது என் பணிவான கருத்து. திரும்பும் பஸ்ஸில் நான் அழுதேன். கோபத்தில் வந்த அழுகை அது.

12. தாளை என் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். பெயர் போனதை அவர் பொருட்படுத்தவில்லை. வயதைக் கேட்டுச் சிரித்தார். ‘உடல்மீது நேரடியாக’ என்ற இடத்தில்தான் முகம் மாறியது. “இத்தினி வருசம் ஒண்ணு மேலயும் படாம ஓட்டிக்கினு இருக்கிறேன். மேல அடிக்கிறவன்னு ஊரெல்லாம் காட்டுவாங்களா? எனக்குக் காவல் தெரியாதுன்னு ஆயிடாதா?” என்றார். அம்மா, அவர் கேட்டதற்குப் பதில் தங்களிடம்தான் இருக்கிறது.

13. நிறுவனத்துக்குத் தாள் சேர வேண்டிய கடைசி நாள் வரும் வெள்ளி, 19.12.2025. தங்கள் மேலொப்பம் எந்தத் தாளில் இருக்கிறதோ அந்த வீரரே விளையாட்டில் சேருவார் என்று செல்வி ரம்யா எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்துள்ளார். எனவே குழுவின் தாளைத் திருப்பி அனுப்பி, போட்டியில் வென்ற வடிவத்தை மாற்றமின்றிக் கொண்ட எங்கள் தாளில் தாங்கள் மேலொப்பமிட வேண்டுகிறேன். பெயர்: பெரியம்மாள். வயது: 46. ஊர்: கரியாலூர். ஆயுதம்: கவண், குரல். தாக்கும் முறை: எதிரியின் அடுத்த அடி விழும் இடத்தில். தாக்கும் தூரம்: 412 மீட்டர்.

14. எங்கள் தாளில் சாட்சிக் கையொப்பம் இட்டவர்களைத் தாங்கள் பார்க்க வேண்டும். முதல் கையொப்பம் பிரவீன்குமாருடையது. அடுத்து பாண்டியன், தங்கதுரை. அந்த மண்டபத்தில் போட்டியிட்ட மற்ற ஏழு வீரர்களின் தரப்பிலும் ஒருவர் பாக்கியில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் ராஜாவை முன்மொழிந்த செயலாளர் மட்டும் இன்னும் கையெழுத்திடவில்லை. அவருக்காக ஓர் இடம் காலியாக விட்டிருக்கிறோம்.

15. மேலொப்பம் கிடைத்தால், வரும் 28.12.2025 ஞாயிறு காலை பத்து மணிக்குக் கரியாலூரில் வைத்தே இந்த வீரரை வெளியிட நிறுவனம் சம்மதித்துள்ளது. தாங்கள் அவசியம் வந்து முதல் ஆட்டத்தை ஆடித் தர வேண்டும். விண்வெளிக்காரன், குஸ்திக்காரன், பேயோட்டி, யாரை வேண்டுமானாலும் தாங்கள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பெரியம்மாளை மட்டும் தர இயலாது, மன்னிக்கவும். இரண்டு வாரமாகக் கன்ட்ரோலரைப் பிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அவரை அவரேதான் ஆடப் போகிறார்.

இடம்: கள்ளக்குறிச்சி
நாள்: 15.12.2025

தங்கள் ஒரு கையெழுத்தை எதிர்நோக்கி,
மா. தமிழ்ப்ரியா

மேற்கண்டவை என் சம்மதத்துடன் எழுதப்பட்டவை,
மா. பெரியம்மாள்