மாமியாருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை

அண்ணா,

ரயில் நிலையத்தில் குண்டு வெடிக்கலாம் என்ற சர்வதேச போலீஸ் எச்சரிக்கை உன் மேசைக்குத்தான் வந்தது. அன்று காலை என்னையும் மகளையும் ஸ்டேஷனுக்கு டாக்ஸி ஏற்றிவிட்டவனும் நீதான். வெடிக்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள், பிழைத்தோம்.

ரகசியம்தான், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு ஓட்டை வாய், அதையும் ஒத்துக்கொள்கிறேன். நீ யாரிடமும் சொல்லாமல் இருந்திருந்தால் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

நேற்று அண்ணி பெருமையாகச் சொன்னார்: "ஸ்டேஷன் பக்கமே போகாதீங்கன்னு எங்கம்மாவுக்கு முதல் நாளே இவர்தான் போன் பண்ணாரு."

'எனக்குத் தலைவலி, இன்னைக்கு என்கூடவே இரு' என்று என்னிடம் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே!

மகள் இன்னும் கேட்கிறாள்: "டாக்ஸி வந்தப்புறமும் மாமா ஏம்மா என்னை விடாம கட்டிப்பிடிச்சிக்கிட்டே இருந்தாரு?"

உன்கூடப் பிறந்தவள்