பொடி போடாத ரோஜா

ஒரகடம்
5.10.2025

மச்சானுக்கு,

பேச்சி எழுதுவது. என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். தபாலை என்ன செய்வீர்கள்?

கம்பெனியில் ஆள் குறைத்தால் என்ன, டில்லிபாபு அண்ணன் பேக்கரியில் கேக்குக்குச் சர்க்கரைப் பூ செய்து நன்றாகத்தான் இருக்கிறேன். பத்தொன்பதாம் தேதி சுகப்பிரியாவுக்கு ஆறு வயது முடிகிறது. நான் வந்து நம் பிள்ளையைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு நாள். "வேலைக்குன்னு போனா திரும்பி வராத" என்று வாசலில் நின்று சொன்னீர்கள். நானும் வீம்பில் பஸ் ஏறிவிட்டேன். அதற்குப் பிள்ளை என்ன செய்யும்?

பேச்சி

கோவில்பட்டி
10.10.2025

பேச்சிக்கு,

வர வேண்டாம். கம்பெனி வேலை போன அன்றே வந்திருந்தால் கதை வேறு. ஒரு நாள் வந்துவிட்டு நீ போய்விடுவாய். அதன் பிறகு அழுகிறவளை யார் தேற்றுவது?

பூ வேண்டுமானால் கொடுத்தனுப்பு. போன பிறந்தநாளுக்கு நீ அனுப்பியது தூள் தூளாகத்தான் வந்து சேர்ந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். உடையாததாக இருந்தால் அனுப்பு.

இசக்கிதுரை

ஒரகடம்
17.10.2025

மச்சானுக்கு,

நம் தெரு மகாராஜா தீபாவளிக்கு ஊருக்கு வருகிறான். டப்பாவை அவனிடம் கொடுத்திருக்கிறேன். உள்ளே ஒரே ஒரு ரோஜா.

போன தடவை சர்க்கரை மாவை அப்படியே இதழாக்கினேன், பாவி. இந்தத் தடவை மாவு இறுகுவதற்கென்று இருக்கிற பொடியைச் சேர்த்தேன். ஒரு சிட்டிகை போதும் என்பார்கள். அவ்வளவு தூரத்தை நினைத்து அள்ளிப் போட்டேன். இங்கே அடைமழை. ஈரக்காற்று பட்டால் இதழ் துவண்டுவிடும், ஃப்ரிட்ஜில் வைத்தால் வேர்த்துவிடும். குண்டு பல்புக்கு அடியில் வைத்துத்தான் காய வைத்தேன்.

டில்லிபாபு அண்ணன் அதை மேசையில் தட்டிப் பார்த்தார். டங் என்றது. "இன்னா பேச்சி, ரோஜாவா, போல்ட்டா? கார் கம்பெனிக்கு அனுப்பிடலாம் போல கீதே!" என்று சிரித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அம்மா செய்தது என்று சொல்லிக் கொடுங்கள். அவளே எடுத்து வாயில் வைக்கட்டும்.

பேச்சி

கோவில்பட்டி
27.10.2025

பேச்சிக்கு,

பூ உடையவில்லை. பிள்ளை நாள் முழுக்க அதைக் கையிலேயே வைத்திருந்தாள். சாயங்காலம் கடித்தாள். ஆடிக்கொண்டிருந்த முன்பல் பூவோடு வந்துவிட்டது. வாயெல்லாம் ரத்தம். "பெத்தவ பிள்ளைக்குக் கல்லையா குடுத்து விடுவா?" என்று என் அம்மா தெருவே கேட்கச் சத்தம் போட்டாள்.

சுகப்பிரியா அழவில்லை. "ஏம்ப்பா, நான் இதைத் திங்கணும்னு அம்மாவுக்கு ஆசை இல்லையா?" என்று கேட்டாள்.

எனக்குத் திருப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்துகொண்டு எல்லோரும் போகிறோம். இனி இந்த விலாசத்துக்கு எழுதாதே.

இசக்கிதுரை

ஒரகடம்
4.11.2025

மச்சானுக்கு,

புது விலாசத்தை எழுத மறந்துவிட்டீர்கள். அதனால் பழைய வீட்டுக்கே எழுதுகிறேன். தபால்காரர் எப்படியும் அனுப்பி வைப்பார்.

விழுந்தது மேல் பல்லா, கீழ்ப் பல்லா? சாணியில் பொதிந்து கூரையில் எறிந்தீர்களா? முதல் பல் விழும்போது நான் பக்கத்தில் இல்லாமல் போனேனே. பிள்ளை கேட்டதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொரு ரோஜா செய்திருக்கிறேன். பொடி போடவில்லை. நாக்கில் பட்டதும் கரைந்துவிடும். ஆனால் யார் கையிலும் கொடுத்தனுப்ப முடியாது. பஸ் ஒரு குலுக்குக் குலுக்கினால் போச்சு. நானேதான் மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும்.

மழை விடவில்லை. இதழ்கள் துவண்டுகொண்டே இருக்கின்றன. துவளத் துவள வேறு இதழ் செய்து வைக்கிறேன்.

திருப்பூரில் எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

பேச்சி