செவிம் தன் ஹெல்வாவை ருசி பார்த்த நாள்

லிட்கம், சிட்னி
ஓகஸ்ட் 24

அன்பு மகள் நிஷானிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் லக்சனும் சின்னவளும் ஆண்டவர் துணையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் வெரிபீயில் இப்போது காலை ரயிலுக்கு இருட்டிலேயே வெளிக்கிட வேண்டியிருக்கும். காதை மூடிக்கொண்டு போ. இங்கும் குளிர்தான். என் முழங்கால் பரவாயில்லை.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் செவிமின் பெயரை எடுத்தாலே நீ, "அம்மா, மீற்றிங் ஒண்டு இருக்கு, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமையிலும் உனக்கு மீற்றிங் இருக்கிறது. செவிம் போய்விட்டாள் என்று நான் அனுப்பிய செய்திக்கு ஓர் அழுகிற முகம் மட்டும் வந்தது. அதைத் தட்டிவிட்டு நீ எப்படி இருந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாகப் படி.

உனக்கு ஹெல்வா என்றால் செவிம் வீட்டு இனிப்பு. எனக்கும் முதலில் அப்படித்தான். நாங்கள் ஓபர்ன் பிளாட்டுக்கு வந்த புதிது, நீ என் வயிற்றில். எதிர்க் கதவுத் துருக்கிப் பெண் செவிம் ஒரு தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். பார்த்தால் நம்முடைய ரவைக் கேசரி. கேசரி என்றால் நமக்கு என்ன? பிறந்தநாள், சோதனை பாஸ், பெண் பார்க்க வருகிறார்கள். நானும் சிரித்துக்கொண்டு, "என்ன நல்ல செய்தி? பிள்ளை கிடைக்கப் போகுதோ?" என்று என் வயிற்றையும் அவள் வயிற்றையும் காட்டிக் கேட்டேன். அவள் வாசலிலேயே குந்தியிருந்து அழத் தொடங்கிவிட்டாள். பிறகுதான் விளங்கியது, ஊரில், கொன்யாவில், அவளுடைய தகப்பன் இறந்துவிட்டார். இங்கத்தைய விசா கைக்கு வராததால் அவளுக்குப் போக முடியவில்லை. அது செத்தவீட்டுக்குக் கிளறுகிற இனிப்பு. அவளுக்கு இங்கிலீஷ் வராது, எனக்குத் துருக்கி வராது. பக்கத்தில் இருந்து நானும் அழுதேன். எங்கள் சிநேகிதம் தொடங்கியது அப்படித்தான்.

நான் இங்கத்தைய ஆசிரியர் படிப்பை மறுபடி படித்தபோது உன்னை வளர்த்தது அவள். உன் வாயில் முதலில் வந்த சொல் "அம்மா" என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் வந்தது "தெய்ஸே". சின்னம்மா. லிட்கமில் வீடு வாங்கியபோதும் றோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். ஹெல்வாத் தட்டு வரும்போதெல்லாம் யாரோ இறந்திருக்கிறார்கள் என்று உனக்கு நாங்கள் சொன்னதில்லை. பிள்ளைக்கு எதற்கு என்று விட்டுவிட்டோம்.

அப்பா இறந்தபோது நடந்ததை இதுவரை நாம் பேசியதில்லை. நம் வழக்கத்தில் அடக்கம் முடியும்வரை வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, சாப்பாடு வெளியிலிருந்து வரும். அவர்கள் வழக்கத்தில் இறந்தவரின் வீட்டு அடுப்பில்தான் ஹெல்வா வறுக்க வேண்டும், அந்த வாசம் ஆத்துமாவைப் போய்ச் சேரும். அவளுக்கு நம்முடையது தெரியாது, உனக்கு அவளுடையது தெரியாது. நான் முன்னறையில் பாதரோடு செபமாலையில் இருந்தேன். குசினியிலிருந்து பட்டர் வாசம் வந்தது, பிறகு உன் குரல். "என்ர அப்பா இன்னும் ஃபியூனரல் பார்லரில கிடக்கிறார், உங்களுக்கு இனிப்புக் கேக்குதா? வெளியில போங்கோ!" என்று நீ இங்கிலீஷில் கத்தினாய். சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. செவிம் காஸை நிறுத்தி, சூட்டுத் தாச்சியைத் துவாயில் சுற்றி அணைத்துக்கொண்டு றோட்டைக் கடந்து போனாள். மிச்சத்தைத் தன் வீட்டில் ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்துக் கிளறினாள்.

அடக்கம் முடிந்து நான் போனபோது அப்பாவைப் பற்றி, "றெஜியின்ர மூக்கு நல்ல மூக்கு, ஹொஜா. றோட்டைத் தாண்டியும் பிடிச்சிருக்கும்" என்றாள். ஹொஜா என்றால் ரீச்சர். கடைசிவரை என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். உன்னைப் பற்றி, "கத்தட்டும். அப்பனுக்காகக் கத்தாமல் வேற ஆருக்காகக் கத்துறது?" என்றாள். அவ்வளவுதான். பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்ததேயில்லை.

நீ பின்னர் அவள் மகன் எம்ரேயிடம் கேட்டு எல்லாம் அறிந்துகொண்டாய் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீ இந்தத் தெருவுக்கு வரவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு நான்தான் பிளேன் ஏறுகிறேன். நான் எத்தனையோ வருஷம் வகுப்பில் நின்றவள், ஒன்று சொல்கிறேன் கேள். பிழை விட்ட பிள்ளை வெட்கத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் வராமல் நிற்கும். மறுநாள் வருவது இன்னும் கஷ்டமாகிவிடும், அதற்கடுத்த நாள் அதைவிடக் கஷ்டம். வாத்தியார் அந்தப் பிழையை அன்றைக்கே மறந்திருப்பார். அவர் பார்த்துக்கொண்டிருப்பது வெறும் கதிரையைத்தான்.

ஜூனில் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் இனி மருந்து வேண்டாம் என்று செவிம் தானே சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். போன மாதம் ஒரு நாள், "என்ர மனுசன் ஓர்ஹானுக்குக் கிளறினன், றெஜிக்குக் கிளறினன், இந்தத் தெருவில பாதிப்பேருக்குக் கிளறினன். எனக்குக் கிளறேக்க நான் இருக்கமாட்டன். நீ பட்டரைக் குறைப்பாய், எம்ரே கருக்கிப்போடுவான். இப்பவே செய்யுங்கோ, பாத்திட்டுப் போறன்" என்றாள். எம்ரேக்குக் கோபம் வந்துவிட்டது. "உயிரோடை இருக்கிற ஆளுக்கு ஆராவது ஹெல்வா செய்வினமா? அபசகுனம்!" என்று வளவுக்குள் போய் நின்றான். கொஞ்ச நேரத்தில் வந்து, கையைக் கழுவிக்கொண்டு அகப்பையை எடுத்தான்.

குசினியில் கதிரை போட்டுப் போர்வையோடு அவளை இருத்தினோம். ஹெல்வாவுக்கு அவசரம் ஆகாது. முன்வரிசைப் பிள்ளைகள் கை தூக்கியவுடன் அடுத்த பாடத்துக்குப் போகிற வாத்தியாரைப் போல இருந்தால், பின்வரிசை ரவை பச்சையாகவே நின்றுவிடும். பைன் பருப்பும் ரவையும் ஒரே நிறத்துக்கு வரும்வரை மெல்ல வறுக்க வேண்டும். அன்பு வைத்தவர்கள் முறை வைத்துக் கிளற வேண்டும், கிளறும்போது செபம் சொல்ல வேண்டும். எம்ரே தன்னுடையதைச் சொன்னான். நான் எதைச் சொல்வது என்று கேட்டேன். "உன்ர மரியாவைச் சொல்லு, அவ எங்களுக்கும் தெரிஞ்சவதான். கையை மட்டும் நிப்பாட்டாதை" என்றாள்.

என் முறை முடிந்தது. பாலை ஊற்றப் போனேன். அவள் கையை உயர்த்தி மறித்து, "இன்னும் ஒராள் இருக்கு" என்றாள். கதிரையை அடுப்புக்குக் கிட்ட இழுக்கச் சொன்னாள். எம்ரே பின்னால் நின்று தோளைத் தாங்கிக்கொண்டான். எலும்பாய்ப் போன அந்தக் கையால் அகப்பையை வாங்கி, "இது நிஷானியின்ர முறை" என்று கிளறினாள். தனக்கு உரிய ஹெல்வாவைத் தானே, உன் பெயரில். "காணும் அம்மா, களைக்கப் போகுது" என்றான் எம்ரே. "நீ சும்மா நில்லு. அவள் எதையும் மெதுவாத்தான் செய்வாள், சின்னனிலயும் அப்பிடித்தான்" என்றாள்.

ஒரு கரண்டி சாப்பிட்டாள். "பட்டர் காணாது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இந்த மாதம் 13ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, போய்விட்டாள். றூக்வுட்டில் அடக்கம் செய்தார்கள். அப்பாவின் இடத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான். அன்று அவள் வீட்டில் மறுபடி கிளறினோம். எம்ரே, நான், அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் முறை வைத்துக் கிளறியபின் எம்ரே அகப்பையைத் தாச்சியில் விட்டுவிட்டு ஒதுங்கி நின்றான். யாருக்காக என்று அவன் சொல்லவில்லை. நானும் தொடவில்லை. ரவை அடியில் பிடித்துவிட்டது. கருகல் வாசத்தோடுதான் எல்லோரும் சாப்பிட்டோம், ஒருவரும் குறை சொல்லவில்லை.

நாற்பதாம் நாளுக்கு மறுபடி செய்வார்கள். செப்ரெம்பர் மூன்றாம் கிழமை முடிவில் வரும். இந்த முறை எங்கள் வீட்டில் செய்வோம் என்று எம்ரேயிடம் கேட்டேன், சரி என்றான். பிறகு வாசலில் நின்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "நிஷானி வாறாளோ, அன்ரி?" என்று கேட்டான்.

ஓம் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதுதான். அம்மாவைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே, பிள்ளை.

இங்கிருந்தபடியே உன் நெற்றியில் சிலுவை போடும்,
உன் அம்மா
மாக்கிறேட்