வாலில் கட்டிய கயிறு

இன்று காலை, காற்றில் கரண்ட் எடுக்கிற காற்றாடியின் பழைய கயிற்றைக் கழற்றினேன். ஒரு சாண் நீளத்துக்கு மண்ணிறக் கறை. வருகிறவர்கள் கேட்டால் துரு என்று சொல்லி வந்தேன். உம்முடைய இரத்தம் என்பது எனக்கும் உமக்கும்தான் தெரியும். நீரும் போய்விட்டீர்.

நெடுந்தீவில் கரண்ட் நிற்பது புதினமில்லை. ஆனால் மாஸ்டராக இருந்த என் புருசன் நெஞ்சு பழுதாகி ஒட்சிசன் மெஷினோடு கட்டிலில் விழுந்த பிறகு, ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் மெஷினும் நின்றுவிடும். கூரையில் சோலர் தகடு போட்டேன். மழைமூட்டத்துக்கு அது காணாது. இணையத்தில் பார்த்துக் காற்றாடி செய்யத் தொடங்கினேன். தண்ணீர்க் குழாயைப் பிளந்து மூன்று இறக்கை, ஒரு பழைய மோட்டர், அவருடைய அறைக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பம். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் என்னோடு படித்து, பிறகு உம்முடைய புருசனோடு கடலுக்குப் போய் வலை இழுத்த நீர், கம்பத்தை இழுத்துக் கட்ட வந்தீர்.

வந்தவர் சும்மா இருந்தீரா? காற்றாடியைக் காற்றுப் பக்கம் திருப்புகிற வாலிலிருந்து தரைவரை ஒரு கயிறு விடவேண்டும் என்று நின்றீர்.

“உதென்ன பாய்மரமே?” என்று சிரித்தேன்.

“காத்தைப் பிடிக்கிறதெல்லாம் பாய்தான், ரீச்சர். பாயெண்டாச் சுருக்கக் கயிறு வேணும்.”

விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு நீர் சொல்லித் தருவதா என்று உள்ளுக்குள் எரிந்தது. உம்மோடு மல்லுக்கட்ட ஏலாமல்தான் கயிற்றைக் கட்ட விட்டேன்.

அந்தச் சோளகக் காற்றுக் காலம் உமக்கு நினைவிருக்கும். மூன்று நாளாகக் குறிகட்டுவான் துறையிலிருந்து படகு இல்லை, கரண்டும் இல்லை. மெஷின், தகடும் காற்றாடியும் நிரப்புகிற என் பற்றரியில்தான் ஓடியது. மூன்றாம் நாள் மதியம் மூட்டம் விலகி, வெயிலும் காற்றும் ஒன்றாக அடித்தன. பற்றரி கொதிக்கிற மணம் வந்தது. மிஞ்சுகிற மின்சாரத்தைச் செலவழிக்க ஒரு வழி வைக்கவேண்டும் என்று வாசித்திருந்தேன். பிறகு பார்ப்போம் என்று விட்டது என் பிழை. பற்றரி செத்தால் அவரும் போய்விடுவார் என்ற பயத்தில் பற்றரிக்குப் பக்கத்தில் ஓடினேன். சோலர் கம்பியைக் கழற்றினால் தகடு பேசாமல் கிடக்கும். அந்தப் பழக்கத்திலேயே காற்றாடியின் கம்பியையும் இழுத்துக் கழற்றினேன்.

மின்சாரம் கொடுக்கிற பாரம்தான் அதுவரை அந்த இறக்கைகளை இழுத்துப் பிடித்திருந்தது. பாரம் விட்டதும் விசர் பிடித்ததுபோல் சுற்றத் தொடங்கியது. கம்பம் அதிர, ஓடுகள் கடகடவென்று ஆடின. விழுந்தால் அவர் கட்டிலில்தான் விழும். நான் கழற்றிய கம்பியைப் பிடித்துக்கொண்டு மரம்போல நின்றேன்.

வேலிக்கு அங்காலிருந்து ஓடிவந்தீர். “என்ன செய்தனீர்?”

“கம்பியைக் கழட்டினனான்!”

“ஐயோ மாதாவே! தள்ளும், தள்ளும்!”

வெறுங்கையால் கயிற்றைப் பிடித்தீர். அது உம்முடைய உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது, நீர் விடவில்லை. வால் மடிந்து, காற்றாடி காற்றைவிட்டு முகம் திருப்பி, ஓட்டம் மெல்ல மெல்ல அடங்கியது. கயிற்றைப் பூவரசில் சுற்றிவிட்டுத்தான் கையைப் பார்த்தீர்.

“காட்டும்” என்றேன்.

“பிறகு. முதல் மாஸ்டரைப் பாரும்.”

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. “என்ன சத்தம்?” என்று அவர் கேட்டார். “ஒண்டுமில்லை, காத்து” என்றேன். முதல் பொய் என்னுடையதுதான்.

இரண்டாவது உம்முடையது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது, நங்கூரக் கயிறு இழுத்துப்போட்டுது என்றீர். வெளியே வந்து ஏன் என்று கேட்டேன். “ரீச்சரின்ரை காத்தாடி கையை உரிச்சதெண்டா இனி ஒருத்தரும் செய்யமாட்டினம். சொல்லுறதெண்டா நீராச் சொல்லும்” என்றீர். அதற்குப் பிறகு இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கிழிந்த வலை பொத்துகிற ஊசியைப் பிடிக்க ஏலாமல் போயிற்று. அதையும் ஒரு நாளாவது சொல்லிக் காட்டினீரா? இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் சொல்லவில்லை. ஊரெல்லாம் கெட்டிக்காரி என்றது. அது எனக்கு இனித்தது. சேமக்காலைக் குழியில் உம்மை இறக்கியபோதும் பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருக்கிறது.

இன்று பக்கத்து வட்டாரத்திலிருந்து ஒரு புருசனும் பெண்சாதியும் காற்றாடி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், அவர்கள் கண்ணில் கறை படக்கூடாது என்றுதான் விடியவே கயிற்றை மாற்றினேன்.

வந்தார்கள். அந்தப் பெண் புதுக் கயிற்றைத் தொட்டு, “இது எதுக்கு ரீச்சர்? வீடியோவிலை இல்லையே. எங்களுக்குத் தேவையில்லைத்தானே?” என்றாள்.

வாய்வரை வந்த பொய்யை விழுங்கினேன். பழைய கயிற்றை எடுத்துவந்து அவள் கையில் வைத்தேன். “தேவை பிள்ளை. முதல் இந்தக் கயித்தைக் கட்டு. பிறகுதான் கம்பி” என்று தொடங்கி, கம்பியைக் கழற்றிய என் கையையும் கயிற்றைப் பிடித்த உம்முடைய கையையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் கறையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனபின் பழைய கயிற்றோடு அவருடைய அறைக்குள் போனேன். யன்னல் திறந்திருந்தது. அவர் முகத்திலிருந்த மாஸ்கை விலக்கினார்.

“அண்டைக்குக் காத்தெண்டு சொன்னனீர்.”

“ஓம்.”

“அவவின்ரை கையோ?”

“ஓம்” என்றேன். கையை நீட்டினார். பழைய கயிற்றைக் கொடுத்தேன். நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடக்கிறார். திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.