மேனேஜரின் இடது கண்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மகளோடு செருப்புப் போராட்டம். வலது காலுக்குச் சிவப்பு, இடது காலுக்கு வேறு ஜோடியின் நீலம். அப்படித்தான் வருவாளாம். வயது இரண்டே முக்கால். இருபது நிமிடம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன். காப்பகத்து டீச்சர் அவள் காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கதவைத் திறந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் மகளுக்கு ‘மேனேஜர்’ என்று பேர் வைத்தது சும்மா இல்லை. வீட்டில் அவள் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது.

லேபில் நாற்பத்தோரு பேருக்கு ரத்தம் எடுத்தேன். ஊசியைக் கண்டதும் வெளிறிப்போன ஒரு தடியர் வந்தார். “ஜன்னல்ல பாருங்க சார், புறாவா அது?” என்றேன். அவர் திரும்பிப் பார்த்து முடிப்பதற்குள் ஊசி உள்ளே. பதினொரு வருடமாக இந்த வித்தை என்னைக் கைவிட்டதில்லை.

மார்ச் 6, வியாழன்

தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறாள் என்று காப்பகத்து டீச்சர் சொன்னதால் கண் டாக்டரம்மாவிடம் போனோம். இடது கண்ணில் பார்வை குறைவாம். வலது கண்ணே எல்லா வேலையையும் பார்த்துவிடுவதால் இடது கண் வேலையை மறந்துகொண்டிருக்கிறதாம். தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணைப் பிளாஸ்திரி ஒட்டி மூட வேண்டும்.

“இப்ப விட்டுட்டா பின்னாடி அந்தப் பார்வையைத் திருப்பிக் கொண்டுவர்றது கஷ்டம்மா. மூணு மாசம், ஒரு நாள்கூட விடாம ஒட்டுங்க.”

விடாமல். இவளுக்கு. செருப்பிலேயே தோற்றவள் நான்.

ஒரு நாளைக்கு நாற்பது பேர் கையில் நரம்பு தேடிக் கண்டுபிடிக்கிறேன். பெற்ற பிள்ளையின் கண் என் கண்ணில் படவில்லையே.

மார்ச் 7, வெள்ளி

ஒட்டினேன். பிய்த்தாள். ஒட்டினேன். பிய்த்தாள். நாலாவதை என் நெற்றியில் ஒட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

எழுதவே கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

“அங்க பாரு, ஜன்னல்ல புறா” என்றேன். திரும்பினாள். ஒட்டிவிட்டேன். எனக்குள் ஒரு சின்ன வெற்றிச் சிரிப்புகூட வந்தது.

அவள் பிய்க்கவில்லை, அழவில்லை. புறாவைப் பார்க்க ஜன்னலுக்குப் போனாள். போகிற வழியில் நாற்காலியில் இடித்துக்கொண்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரியாத அந்தக் கண்ணால் இல்லாத புறாவைத் தேடினாள். “எங்க? எங்க?” என்று கேட்டுக்கொண்டே. எவ்வளவு நேரம்! கடைசியில் பிளாஸ்திரியை எடுத்துவிட்டு நல்ல கண்ணாலும் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

“புறா இல்ல. அம்மா பொய்.”

மார்ச் 12, புதன்

நான் எதைக் காட்டினாலும் இப்போது அதைப் பார்ப்பதில்லை. என் கையைத்தான் பார்க்கிறாள். “பால் பாரு” என்றால் கை. “அப்பா வந்தாச்சு பாரு” என்றால் கை. தலை வாரக்கூட என்னிடம் வருவதில்லை. லேபுக்கு வருகிறவர்கள் குத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இவளுக்கு வீடே நான்தானே.

மார்ச் 15, சனி

நாத்தனார் போன் செய்தாள். “கையைப் புடிச்சுக்கிட்டு ஒட்டுங்க அண்ணி. இப்பவே அடக்கலைன்னா நாளைக்குத் தலைமேல ஏறி உக்காருவா.”

செய்தோம். என் வீட்டுக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார், நான் ஒட்டினேன். மேனேஜர் கத்தவில்லை. தரையில் மல்லாந்து படுத்து, மற்ற கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள். மூட வேண்டியது ஒன்று, இவள் இரண்டையும் மூடிவிட்டாள். ஒரு மணி நேரம் பத்து நிமிடம். பிஸ்கட்டைக் காட்டினார், மூக்கு விடைத்ததே தவிர கண் திறக்கவில்லை.

அவர் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்ன பொண்ணுடி நீ — எங்கேருந்து வந்தே? என் வாழ்நாளில் ஒரு முறை, ஒரே ஒரு முறை, இப்படி ஒரு மணி நேரம் யாரையாவது எதிர்த்து நின்றிருக்கிறேனா நான்?

பெருமைப்பட்டுக்கொள்ளலாம். கண் போய்விடுமே.

மார்ச் 18, செவ்வாய்

அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் அவளுக்குத் தெரிகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டேன்.

“அன்னைக்குப் புறா இல்ல. அம்மா பொய் சொன்னேன். தப்பு.”

யோசித்தாள். “தப்பு” என்றாள்.

இந்தக் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை, அந்தக் கண்ணை மூடினால்தான் இது பழகும், உனக்குப் பிடிக்காது, ஆனாலும் வேண்டும் என்று மறைக்காமல் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ. பிளாஸ்திரியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தேன். அதை எடுத்துக்கொண்டு போய் பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

மார்ச் 20, வியாழன்

பிளாஸ்திரி நேற்று நாற்காலிக் காலில். இன்று அப்பாவின் முழங்காலில்.

லேபில் இன்று யாருக்கும் புறா காட்டவில்லை. “குத்தப் போறேன்” என்று சொல்லிவிட்டே குத்தினேன். ஒருவர் மயங்கி விழுந்தார். நாளை முதல் பெரியவர்களுக்குப் பழையபடி புறாதான்.

மார்ச் 22, சனி

“நானே.”

அவளே ஒட்டிக்கொண்டாள். பாதி புருவத்தில், பாதி கண்ணில், ஓர் ஓரம் காற்றில் ஆடியது. சரிசெய்யக் கை நீட்டினேன். “நானே!” கையை இழுத்துக்கொண்டேன். ஏழு நிமிடம் இருந்தது.

ஏப்ரல் 2, புதன்

நாற்பது நிமிடம். நிலைக்கதவில் நெற்றி இடித்தது. கதவுக்கு ஓர் உதை கொடுத்துவிட்டு மேலே நடந்தாள். டம்ளரை எடுக்கப் போன கை இரண்டு தடவை காற்றைப் பிடித்தது. நான் நகர்த்தி வைக்கப் போனால் முறைப்பு. மூன்றாவது தடவை பிடித்துவிட்டாள். பால் பாதி சட்டையில், மீதி வயிற்றில்.

ஏப்ரல் 19, சனி

இப்போது சிக்கல் தலைகீழ். இரண்டு மணி நேரம் முடிந்தாலும் எடுக்க மாட்டேன் என்கிறாள். “மேனேஜர் ஓவர்டைம் பாக்கறாங்க” என்கிறார் இவர்.

கடை வரிசையில் ஓர் அம்மாள், “ஐயோ பாவம், குழந்தைக்கு என்னாச்சு?” என்றாள்.

“பாவம் இல்ல” என்றாள் இவள். நான் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

மே 11, ஞாயிறு

காய்ச்சல். இன்றைக்குப் பிளாஸ்திரி வேண்டாம் என்றேன். கேட்டால்தானே.

ஜூன் 5, வியாழன்

மூன்று மாதம் முடிந்து இன்று பரிசோதனை.

என்னைக் கதவருகில் நிற்கச் சொன்னார் டாக்டரம்மா. அறையின் மறுகோடியில் உயர நாற்காலியில் இவள். வலது கண்ணை மூடிவிட்டு, எதிர்ச்சுவரில் படங்களைக் காட்டினார். இது என்ன? பதில் இல்லை. வீடா? பந்தா? பதில் இல்லை. ஐந்து படம். உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெரிந்தும் சொல்லவில்லையா, தெரியவே இல்லையா — எனக்கே புரியவில்லை.

“வாயைத் தொறக்கலைன்னா நான் என்னன்னு எழுதறது? முன்னேற்றம் இல்லைன்னுதான் வெச்சுக்கணும்” என்று பேனாவை எடுத்தார்.

இத்தனை நாள் அவள் பட்ட இடி, அந்த ஏழு நிமிடம், எல்லாம் வீணா? சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன். கண் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை.

“அம்மா அழறா.”

பேனா நின்றது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வலது கண்ணின் மூடி விலகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். விலகவில்லை.

“எப்படிம்மா தெரியும் உனக்கு?”

“கன்னத்துல தண்ணி.”

டாக்டரம்மா நாற்காலியிலிருந்து கதவு வரை அடி அடியாக நடந்து அளந்தார். திரும்பிப் போய் எழுதினார், நிறைய எழுதினார். அதற்குள் இவள் நாற்காலியிலிருந்து தானாக இறங்கி, மேஜையிலிருந்து ஒரு காகிதத் துண்டை உருவிக்கொண்டு, நடுவில் கிடந்த முக்காலியைச் சுற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். குனிந்தேன். மேஜை துடைப்பது போல அழுத்தித் துடைத்தாள்.

“அந்தப் பக்கம் காட்டு” என்றாள்.

காட்டினேன்.